மகிந்திரா தாரில் ஹை-லிஃப்ட் ஜாக்கியை எங்கே பொருத்துவது?

கேள்வி: பூப்பாறைக்கு அருகே எங்களுக்குச் சிறிய ஏலத்தோட்டம் உண்டு. மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் வண்டி அடிக்கடி சேற்றில் இறங்கிவிடுவதால், என்னுடைய 2021 மாடல் ஹார்டு டாப் (கெட்டிக் கூரை) மகிந்திரா தாருக்காக 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கி ஒன்று வாங்கினேன்; துளைகள் வரிசையாக உள்ள நீண்ட இரும்புத் தண்டில், கைப்பிடியை அசைக்க அசைக்கப் படிப்படியாக ஏறி வண்டியைத் தூக்கும் ஜாக்கி அது. பின்கதவில் ஸ்டெப்னியோடு சேர்த்து மாட்டிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். பானெட்டின் மேல் வைத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். எது சரி?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இரண்டும் வேண்டாம். வண்டிக்குள், தரையோடு தரையாகப் படுக்கவைத்து, போல்ட் போட்டு இறுக்குங்கள்.

நீங்கள் வாங்கியிருக்கும் ஜாக்கி ஏறத்தாழ 13 கிலோ எடையுள்ளது. கையில் தூக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஆனால் கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அதே 13 கிலோ பல மடங்கு விசையோடு பிராக்கெட்டை இழுக்கிறது. உங்கள் வண்டியின் பின்கதவு ஏற்கெனவே ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும் கதவு. அதன் கீல்களின் மேல் இதையும் ஏற்றினால், முதலில் கதவில் கடகடவென்று சத்தம் வரும். பிறகு கதவு சற்றே தொங்கி, பூட்டு சரியாகப் பொருந்தாமல், தூக்கிப் பிடித்து அடித்துச் சாத்த வேண்டிய நிலை வரும். பட்டறைக்காரரின் வெல்டிங் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது தொங்கிக்கொண்டிருப்பது கீலில்தான்.

பானெட்டோ வெறும் மெல்லிய தகடு. அதன் மேல் கிடக்கும் இரும்பு, இறக்கத்தில் திரும்பும்போது எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் வைக்கிறோம் என்று நீங்கள் பார்க்க வேண்டிய இடத்தையே மறைக்கும். சாலையில் யாராவது வண்டியில் மோத நேர்ந்தால் அவர் விழுவதும் அந்த இரும்பின் மேல்தான். படம் எடுத்துக்கொள்ள அழகாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூரைக்கு மேல் வைப்பதை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சாய்வான பாதையில் ஒரு பக்கமாகச் சரிந்து போகும் வண்டிக்குத் தலைப்பாரம் கூடாது. தவிர, சேற்றில் நின்றுகொண்டு தலைக்கு மேலிருந்து 13 கிலோவை இறக்குவது இடுப்புக்கும் நல்லதல்ல.

உள்ளே வைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதால்தான் போல்ட் போடச் சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலோ மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால், அந்த ஜாக்கி முன்னோக்கிப் பாயும் விசை கிட்டத்தட்ட 160 கிலோ எடைக்குச் சமம். ரப்பர் கயிற்றால் கட்டிவைத்த ஜாக்கி உங்கள் பின்மண்டையைத் தேடி வரும்.

ஜாக்கியின் நீளம் 122 சென்டிமீட்டர் என்பதால், பின்னிருக்கைக்குப் பின்னால் குறுக்காக வைக்க இடமிருக்கிறதா என்று முதலில் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் பின்னிருக்கையில் ஒரு பாதியை மடித்து, பக்கச் சுவரை ஒட்டி நீளவாக்கில் வையுங்கள். தண்டில் வரிசையாக உள்ள துளைகளில் இரு முனைகளுக்கும் அருகே ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்து, 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளைச் செலுத்துங்கள். தரைத்தகடு மெல்லியது என்பதால் அதற்கு அடியில் வெறும் வாஷர் போதாது. உள்ளங்கை அகலத்தில், குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தட்டு ஒவ்வொரு போல்ட்டுக்கும் வேண்டும். துளையிடும் முன் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், ஒயரிங் எதுவும் அந்த இடத்தில் இல்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். புதிதாகத் துளைக்கச் சோம்பல்பட்டு, சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே பிராக்கெட்டையும் சேர்த்து மாட்டும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: என்னிடமும் தார்தான். ஜாக்கியைப் பம்பருக்கு அடியில் கொடுத்துத் தூக்கலாமா? இரும்பு பம்பர் போட வேண்டுமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: கம்பெனி பம்பரின் பிளாஸ்டிக் பாகத்தில் கொடுத்தால் அது உடையும், ஜாக்கியும் வழுக்கும். இரும்பு பம்பர், கிராஷ் கார்டு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இத்தகைய தடுப்புகளைப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

சக்கரத்தையே கொக்கிகளால் பிடித்துத் தூக்கும் ஓர் இணைப்பு தனியாகக் கிடைக்கிறது. அதையே நான் விரும்புகிறேன். பம்பரைத் தூக்கினால், ஸ்பிரிங் முழுவதும் நீளும் வரை உடல் மட்டும் மேலே போகும், சக்கரம் சேற்றிலேயே கிடக்கும். வண்டி அபாயமான உயரத்துக்குப் போன பிறகுதான் சக்கரம் அசையும். சக்கரத்தைப் பிடித்தால் சில அங்குலங்களிலேயே அடியில் கல்லோ பலகையோ கொடுத்துவிடலாம். அந்தச் சக்கரத்தின் டயரை மாற்றுவதற்கு மட்டும் இது உதவாது. அதற்கு வண்டியோடு வந்த ஜாக்கியே போதும்.

இறக்கும்போது கைப்பிடியை விட்டுவிடாதீர்கள்; பாரம் அதைச் சாட்டைபோல் மேலே வீசும், தாடை அந்த வழியில் இருக்கக் கூடாது. பாரம் சுமார் 68 கிலோவுக்குக் கீழே போய்விட்டால், ஜாக்கி படிப்படியாக இறங்காமல் மொத்தமாகச் சரிந்து விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பின்பம்பரில் மாட்டிய ஜாக்கி ஒரே மழைக்காலத்தில் இறுகிவிட்டது. கிரீஸ் போடலாமா?
— வாசகர், வால்பாறை

பதில்: வேண்டாம். கிரீஸ் மண்ணைப் பிடித்துவைக்கும். எனக்கும் ஒருமுறை இதேதான் நடந்தது: செம்மண் காய்ந்து செங்கல்லாகி, தண்டில் ஏறும் இரண்டு சிறு பின்களில் ஒன்று துளைக்குள் பாதியிலேயே நின்றுவிட்டது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, உலர்த்தி, லேசான எண்ணெய் விட்டு, இரண்டு பின்களும் ‘டக் டக்’ என்று முழுவதுமாக உள்ளே விழுகின்றனவா என்று காதால் கேட்டுச் சரிபாருங்கள். ஒன்று தயங்கினாலும் பாரம் ஏற்றாதீர்கள். பின்களும் ஸ்பிரிங்குகளும் தனித் தொகுப்பாகவே கிடைக்கின்றன. அவற்றை மாற்றிவிட்டு, ஜாக்கியை வண்டிக்கு உள்ளே கொண்டுவந்து விடுங்கள்.