விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை

கேள்வி: எங்கள் ஆலைக் கட்டுப்பாட்டு அறையில் ஐந்து சிஸ்டங்களையும் ஒரே திரைக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். ஆபரேட்டருக்கு வேலை குறையுமா?

பதில்: திரை குறையும், வேலை குறையுமா என்பது வேறு கதை. நானும் இருபது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவன். ஒருமுறை பம்ப் நின்றபோது, அலாரத்தை நிறுத்தும் பொத்தான் ஒரு மூலையில், பம்ப்பின் திரை இன்னொரு மூலையில். சுழல் நாற்காலியோடு உருண்டு ஓடினேன், போங்கள்!

1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் வால்வு திறந்தே கிடந்தது, கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கான விளக்கோ அணைந்துவிட்டது. மூடச் சொல்லிக் கட்டளை போனதைத்தான் அது காட்டியது, வால்வு மூடியதை அல்ல. சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் வேறு. எல்லாவற்றையும் ஒரே திரையில் கொட்டினால் உங்களுக்கும் அதே கூச்சல்தான். சரி, வரைபடம் முடிவாகும் முன்பே அட்டையில் மாதிரி மேசை செய்து, ராத்திரி ஷிஃப்ட் ஆட்களை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.