நோட்டு அழகாகத்தான் இருக்கிறது, டீச்சர்

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் பீகார், ஒடிசா. அப்பா, அம்மா இருவரும் பனியன் கம்பெனி. பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை, ஆனால் எழுதுகிறார்கள். ஓர் ஒடிசா பையனின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வாய் திறக்க மாட்டான், கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். இவர்களுக்காக நான் இந்தி கற்றுக்கொள்ள வேண்டுமா? மொழிபெயர்ப்பு ஆப் போதுமா? வீட்டில் தமிழ் பேசுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். என் பாட்டி வீட்டிலும் தெலுங்குதான். அம்மா தமிழ் மீடியத்தில் படித்து டீச்சரே ஆகிவிட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

ஓர் ஆசிரியை, திருப்பூர்

அன்புள்ள டீச்சர்,

கொஞ்ச நாளாகவே இதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, தான் எழுதியதைக் கொண்டுவந்து காட்டினாள். வாசி பார்க்கலாம் என்றேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். அதற்குள் உங்கள் கடிதம்.

மொழிபெயர்ப்பு ஆப்பை விடுங்கள். போனிடம் பேசிப் பழக ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? இந்திக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நோட்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முத்துதான், மறுக்கவில்லை. சுழி, கொம்பு, கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆனால் பக்கத்தின் மேல் மூலையைப் பார்த்தீர்களா? ‘பதிவு 31, வருகை 28’ என்று எழுதியிருக்கிறான். அது உங்கள் கரும்பலகை மூலையில் இருந்தது. பாடம் எது, வருகைக் கணக்கு எது என்று அவனுக்குத் தெரியாது. பலகையில் கண்டதையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறான். நீங்கள் அதற்கும் சேர்த்துச் சிவப்பு மையில் ‘மிக நன்று’ போட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் தாயி, இதற்குப் பெயர் கோலம்.

உங்கள் வகுப்புச் சுவரில் ஆ-வுக்கு ஆடு மாட்டியிருப்பீர்கள். அந்தப் படம் யாருக்கு உதவும்? அதை ஏற்கெனவே ஆடு என்று கூப்பிடுகிற பிள்ளைக்கு உதவும். பார்த்ததும் வாயில் சொல் வரும், சொல்லின் தலையில் ஆ நிற்கும், எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும். பீகார் பிள்ளைக்கு அதே படம் பக்ரி. ஒடிசா பிள்ளைக்குச் செளி. பக்ரிக்குப் பக்கத்தில் ஆ எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? இங்கே எதற்கும் காரணம் கிடையாது, பார்த்தபடியே வரைந்துவிட்டால் டீச்சர் திட்ட மாட்டார், அவ்வளவுதான். அந்த முடிவுக்கு வந்த பிள்ளை நன்றாக வரையத்தான் செய்யும். உங்கள் வகுப்பிலேயே அழகான நோட்டு அவனுடையதாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தமிழ்ப் பிள்ளை எழுதும்போது பாதி கவனம் சொல்லில் போகும், கை கோணும். இவனுக்குக் கையை விட்டால் வேறு வேலை இல்லை.

தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-ல் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது சந்தோஷப்பட்டேன். பாட்டு, ஆட்டம், கதை என்று அதில் நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் பிள்ளைகளை அவரவர் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும்போது இந்தப் பையனை எங்கே உட்கார வைக்கிறீர்கள்? அரும்பில்தானே? அவன் பக்கத்தில் இருக்கும் அரும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்துதான் தெரியாது. ஆயிரக்கணக்கான சொல் தெரியும். இவனுக்கு அந்தச் சொற்கள்தான் இல்லை. இருவருக்கும் ஒரே பயிற்சி நூல். ஒருவன் நிரப்புகிறான், ஒருவன் அதைப் பார்த்து நிரப்புகிறான். கடைசியில் இரண்டும் நிரம்பியிருக்கின்றன.

உங்கள் பாட்டி கதைக்கு வருவோம். இதை நிறையப் பேர் சொல்கிறார்கள், சொல்லும்போது ஒரு பெருமையும் சேர்ந்தே வருகிறது. எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். கோவில்பட்டிப் பக்கம், கரிசல்காடு. வீட்டுக்குள் ஆட்டுக்குப் பெயர் ‘மேக’, வாசலைத் தாண்டினால் ‘ஆடு’. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத் திடலில், கிட்டிப்புள் விளையாடியிருக்கிறோம். கிட்டிப்புள்ளில் பாதி ஆட்டம், பாதி தகராறு. அடித்த புள் எங்கே விழுந்தது, அளந்தது சரியா, நீ அழுகுணி ஆட்டம் ஆடுகிறாய் என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். தெலுங்கில் கத்தினால் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வராது. ஆகவே வாத்தியார் முன்னால் போய் உட்கார்ந்தபோது தமிழில் சண்டை போடத் தெரியும், கெஞ்சத் தெரியும், பொய் சொல்லவும் தெரியும். அவர் எழுத்தை மட்டும் காட்டினார். அதைப் போய் எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மந்தை கொடுத்தது.

உங்கள் பையனுக்கு மந்தை எங்கே? லைன் வீடு. வரிசையில் எத்தனை வாசல் இருந்தாலும் அத்தனையிலும் ஒடியா. காலை எட்டரைக்குப் போகிற அப்பாவும் அம்மாவும் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டுக்கு மேல் வருகிறார்கள். அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு என்று உத்தரவு. தமிழ் அவன் காதில் விழக்கூடிய ஒரே இடம் உங்கள் வகுப்பு. அங்கே நாம் முதலில் கற்றுக்கொடுப்பது ‘கை கட்டு, வாய் பொத்து’. பிறகு, வாய் திறக்க மாட்டேன் என்கிறான் என்று எனக்குக் கடிதம்!

கனடாக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 வாக்கிலேயே இதைப் பிரித்துக் காட்டினார். விளையாட்டில் புழங்கும் மொழி வேறு, பாடப்புத்தகம் கேட்கும் மொழி வேறு. குடியேறி வந்த பிள்ளைகளுக்கு முதலாவது இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறது, இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகிறது என்றார். நாமோ முதலாவதைக் கொடுக்காமலே இரண்டாவதைக் கேட்கிறோம்.

ஆகவே கொஞ்ச நாளைக்கு அவனிடமிருந்து பென்சிலை வாங்கி வையுங்கள். பையைத் திற, ஜன்னலைத் தொடு, செருப்பைத் தலையில் வை என்று சொல்லுங்கள். சொன்னதைச் செய்தால் போதும், பேச வேண்டாம். சிரிப்பு வரும். அடுத்த நாள் அவனையே டீச்சராக நிறுத்தி, நீங்கள் செய்யுங்கள். அவன் ‘ஜன்னல் தொடு’ என்றால் தொடுங்கள், ‘ஜன்னலை’ என்று திருத்தப் போகாதீர்கள். சத்துணவுக்கு ஒடிசா வரிசை, தமிழ் வரிசை என்று தானாகச் சேரும் கூட்டத்தைக் கலையுங்கள். தட்டுக் கழுவும் குழாயடியில் கற்கிற தமிழ் பலகையில் கிடைக்காது.

வீட்டில் தமிழ் பேசச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு உண்மையில் கோபம். அந்த அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் எது? சூப்பர்வைசரிடம் கற்றது. ‘சீக்கிரம்’, ‘பீஸ் எங்கே’, ‘நாளைக்கு லீவு இல்லை’. அதை வைத்து ஒரு தாய் பிள்ளைக்கு என்ன கதை சொல்வாள்? எதற்குச் சமாதானம் சொல்வாள்? ஏன், எப்படி என்று அந்தப் பிள்ளை யோசிப்பதே ஒடியாவில்தான். அதை அறுத்துவிட்டால் யோசனையும் சேர்ந்து நின்றுபோகும். ஒடியாவில் நன்றாகப் பேசட்டும், நிறையப் பேசட்டும். அங்கே புரிந்துகொண்டது தமிழுக்குக் கூடவே வரும்.

தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லி 1956-லேயே அரசியல் சாசனத்தில் 350அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தாயிற்று. அதை நீட்டி முழக்க எனக்குப் பொறுமையில்லை. திருவள்ளூர் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து பாடநூல் வரவழைத்து ஒடியாவிலேயே சொல்லிக்கொடுத்தார்கள், நல்ல காரியம். சீசன் முடிந்ததும் ஊர் திரும்புகிற பிள்ளைகள் அவர்கள். உங்கள் பிள்ளைகளில் பலர் இங்கேயே இருக்கப் போகிறவர்கள், தமிழ் வேண்டும்.

இந்தி கேட்டிருந்தீர்கள் அல்லவா? கற்றுக்கொள்ளுங்கள், யார் தடுத்தது? ஆனால் ஒடிசா பையனுக்கு அது எதற்கு உதவும்? தண்ணீர், ஒன்றுக்கு, வலிக்கிறது, பயமாக இருக்கிறது, அம்மா எப்போது வருவாள், இவற்றை மட்டும் அந்தந்தப் பிள்ளையிடமே அந்தந்த மொழியில் கேட்டுப் படியுங்கள். நீங்கள் தப்பாகச் சொன்னால் திருத்துவார்கள். திருத்தும்போது பேசித்தானே ஆக வேண்டும்?

இன்னொன்று. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பீகார்க் குடும்பங்கள் அடுத்த வாரமே வரும் சத் பூஜையையும் முடித்துக்கொண்டுதான் ரயில் ஏறும். டிக்கெட் கிடைக்காவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். நீண்ட நாள் வரவில்லை என்று பதிவேட்டில் பெயரை அடித்துவிடாதீர்கள். போகும் முன்பே அப்பாவின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்