எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா? (கேள்வி-பதில்)

இந்த முறை மாடல் டீசல் எஞ்சின் கடிதங்களுக்கு மட்டும் இடம். பெரும்பாலானவை 1:160 அளவு, அதாவது என்-ஸ்கேல். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

செகண்ட்ஹேண்டாக ஒரு எஸ்டி40-2 (ஆறு அச்சு அமெரிக்க டீசல்) வாங்கினேன். வேகமாக ஓட்டினால் குறையே இல்லை. மெதுவாக ஓட்டினால் பாயிண்டுக்குப் பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) நின்றுவிடுகிறது, விரலால் தள்ள வேண்டியிருக்கிறது. விற்றவரைக் கேட்டால் தண்டவாளத்தைத் துடைக்கச் சொல்கிறார். துடைத்துத் துடைத்துக் கை வலிக்கிறது.
- கோயம்புத்தூர் வாசகர்

தண்டவாளத்தின் மேல் பழி போடுவது விற்பவருக்குச் சௌகரியம். அது உங்கள் வீட்டில் இருக்கிறது, அவர் வீட்டில் இல்லை.

எஞ்சினைப் பாருங்கள். நிஜ எஸ்டி40-2 ஏறக்குறைய 21 மீட்டர் நீளம். உங்களுடையது 13 சென்டிமீட்டர். இவ்வளவு லேசான பொருள் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்காது. அதனால் 12 சக்கரங்களும் கரண்ட் எடுத்தால்தான் பிழைக்கும். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனையை வலது பக்க உலோகச் சட்டத்தில் வைத்து, மறு முனையால் வலது பக்கச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பிறகு இடது பக்கம். பீப் வராத சக்கரம் உருள்கிறதே தவிர உழைக்கவில்லை. ரப்பர் வளையம் மாட்டிய சக்கரமும் அந்தக் கணக்கில்தான். அது பிடிமானத்துக்கு, கரண்டுக்கு இல்லை.

எல்லாச் சக்கரத்திலும் பீப் விட்டு விட்டு வந்தால், அச்சு முனைகள் உட்காரும் வெண்கலத் தகட்டின் குழிகளைப் பாருங்கள். பழைய எண்ணெயும் கம்பள நூலும் சேர்ந்து கருப்புப் பசையாக இருக்கும். பல்குத்தும் குச்சி முனையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு அதை வழித்தெடுங்கள். பாயிண்டின் நடுவில், இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் ஃபிராக் என்ற துண்டு பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தத் துண்டில் கரண்டே கிடையாது. அதன் மேல் நிற்கும் சக்கரம் போக மற்றவை தாங்க வேண்டும். உங்கள் எஞ்சினில் தாங்க ஆளில்லை.

புது என்-ஸ்கேல் டீசல். பெட்டியில் 'டிசிசி ரெடி' என்று, அதாவது தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறைக்குத் தயார் என்று, கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம்பி, அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் ஆறு பின் டிகோடர் வாங்கினேன். கூட்டைக் கழற்றினால் சாக்கெட்டே இல்லை, நீளமாக ஒரு பச்சைப் பலகைதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இந்த எஞ்சினுக்கென்றே வரும் டிகோடரைப் போட வேண்டுமாம். முன்பு வாங்கியதை உறை பிரித்தாயிற்று என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். நான் ஏமாந்தேனா?
- டொராண்டோ வாசகர்

ஏமாற்றப்பட்டீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

'டிசிசி ரெடி' என்ற இரண்டு வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். உள்ளே ஆறு பின் சாக்கெட் இருந்தாலும் அதே வார்த்தை, 18 பின் கொண்ட நெக்ஸ்ட்18 இருந்தாலும் அதே வார்த்தை. விளக்குப் பலகையைக் கழற்றி வேறு பலகை வைக்கலாம் என்றாலும் அதே வார்த்தை. மோட்டாரைச் சட்டத்திலிருந்து பிரித்து வைத்துவிட்டு 'மிச்சத்தை நீயே சோல்டர் செய்துகொள்' என்று விடுவதற்கும் அதே வார்த்தைதான். வயர் நிறத்துக்குக்கூட அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ முறை வகுத்திருக்கிறது: வலது தண்டவாளத்துக்குச் சிவப்பு, இடதுக்குக் கருப்பு, மோட்டாருக்கு ஆரஞ்சும் சாம்பலும். அந்த ஒழுங்கு பெட்டிக்கு வெளியே வரும்போது காற்றில் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. எத்தனை சக்கரம் கரண்ட் எடுக்கிறது என்பதைப் பெட்டியில் தேடினால் கிடைக்காது. வோல்ட்டை ஏற்றி இறக்கி வேகத்தை மாற்றும் பழைய டிசி ஓட்டத்தில் இது அவ்வளவு உறுத்தாது. ஒரு நொடியின் சிறு பங்கு கரண்ட் விட்டுப் போனால், மோட்டாரோடு சுழலும் பித்தளைச் சக்கரம் எஞ்சினைத் தள்ளிக் கொண்டுபோய்விடும், விளக்கு மட்டும் லேசாக மினுக்கும். டிகோடர் அப்படியில்லை. அது ஒரு குட்டிக் கணினி. தண்டவாளத்தில் வரும் மின்சாரமும் கட்டளையும் ஒன்றேதான். துடிப்பின் ஒரு பாதி 58 மைக்ரோசெகண்ட் நீடித்தால் ஒன்று, 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் பூஜ்யம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆளிடம் கரண்டைப் பிடுங்கினால் மயங்கி விழுந்து, முதலிலிருந்து எழுந்து வரும். சத்தம் போடும் டிகோடராக இருந்தால் இன்னும் கேவலம். ஓடிக்கொண்டிருக்கும் டீசல் நடுவழியில் மௌனமாகி, மறுபடி ஸ்டார்ட் ஆகும் ஓசையிலிருந்து தொடங்கும். ஆகவே டிசிசிக்குத் 'தயார்' என்று சொல்லத் தகுதியான எஞ்சின், முதலில் சக்கரத்தில் தயாராக இருக்க வேண்டும். சாக்கெட் அப்புறம்.

என் அலமாரியில் ஒன்று தூங்குகிறது. ஆறு அச்சு டீசல், பெட்டியில் அதே இரண்டு வார்த்தை. கவிழ்த்துப் பார்த்தால் எட்டுச் சக்கரம்தான் கரண்ட் எடுக்கிறது. நடு அச்சுகள் இரண்டும் வளைவில் மாட்டாமலிருக்க மேலும் கீழும் ஆடும்படி விட்ட அலங்காரம். விலையில் அந்த நான்கு சக்கரத்துக்குத் தள்ளுபடி ஏதும் தரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: பெட்டியின் படத்தோடு கடைக்கு எழுதுங்கள். பணம் வேண்டாம், அந்தப் பலகை டிகோடருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேளுங்கள். மாட்டாத, சோல்டர் படாத டிகோடரை மறுபடி விற்க அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. பலகை வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பாதிச் சட்டமும் பலகையை இடுக்கிப் பிடித்துத்தான் கரண்ட் தருகின்றன. புதுப் பலகை ஒரு மயிரிழை மெல்லியதாக இருந்தாலும் தொடாது, எஞ்சின் விட்டு விட்டு ஓடும். தொடும் இடத்தில் மெல்லிய சோல்டர் பூச்சு ஒன்று கொடுத்தால் இறுக்கமாக உட்காரும்.

தள்ளுபடியில் எட்டு பின் டிகோடர் மூன்று வாங்கி வைத்திருக்கிறேன். இதற்குப் பொருந்தும் என்-ஸ்கேல் எஞ்சின் எது?
- மதுரை வாசகர்

பட்டனை வாங்கிவிட்டுச் சட்டை தேடுகிறீர்கள். எட்டு பின் பெரும்பாலும் எச்ஓ என்ற பெரிய அளவு (1:87) எஞ்சினுக்கானது. அங்கே விற்றுவிடுங்கள்.

பழைய எஞ்சினுக்கு நானே டிகோடர் மாட்டினேன். தண்டவாளத்தில் வைத்ததும் புகை வந்து வேலை முடிந்துவிட்டது. வாரண்டி இருக்கிறது. வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று கடைக்கு எழுதலாமா?
- பெயர் வேண்டாம் என்றவர்

பெயர் வேண்டாம் என்றது புரிகிறது.

எழுதக் கூடாது. பழைய பிளவுச் சட்ட எஞ்சின்களில் மோட்டாரின் பிரஷ் தகடு நேராகச் சட்டத்தைத் தொடும். சட்டத்தின் இரண்டு பாதியும் இரண்டு தண்டவாளத்தோடு இணைந்தவை, ஆகவே சட்டம் என்றால் தண்டவாளம். டிசியில் அதுதான் வேண்டும். டிசிசியில் மோட்டாருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே டிகோடரைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. அந்த இடத்தில் மின்சாரம் கடத்தாத காப்டன் டேப் ஒட்டினீர்களா? ஒட்டிவிட்டு மோட்டார் முனைக்கும் சட்டத்துக்கும் மீட்டர் வைத்து, பீப் வரவில்லை என்று பார்த்தீர்களா? கடிதத்தில் இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. முதலில் புரோகிராமிங் தண்டவாளத்தில், அதாவது டிகோடரின் அமைப்புகளை எழுதிப் படிக்கும் தனித் துண்டில், வைத்திருந்தால்கூடத் தப்பியிருக்கும். அங்கே கரண்டை ஏறக்குறைய 250 மில்லி ஆம்பியரோடு நிறுத்திவிடுவார்கள், தவறு இருந்தால் முகவரியைப் படிக்காது, அவ்வளவுதான். நீங்கள் நேரே முழுச் சக்தியில் வைத்தீர்கள். சில தயாரிப்பாளர்கள் எரிந்ததையும் குறைந்த கட்டணத்தில் மாற்றித் தருவார்கள். உண்மையைச் சொல்லிக் கேளுங்கள்.

கரண்ட் விட்டாலும் ஓடட்டும் என்று கெப்பாசிட்டர் தொகுதி ஒன்று சேர்த்தேன். ஓட்டம் அற்புதம். ஆனால் புரோகிராமிங் தண்டவாளத்தில் எந்த சிவியையும் (டிகோடரின் எண்ணிட்ட அமைப்பு) படிக்க முடியவில்லை. கெப்பாசிட்டர் போலியா, டிகோடர் கெட்டதா?
- சிங்கப்பூர் வாசகர்

இரண்டும் இல்லை. அந்தத் தண்டவாளம் தரும் கொஞ்சக் கரண்டையும் கெப்பாசிட்டர் குடித்துவிடுகிறது. டிகோடர் பதில் சொல்லவே முடியவில்லை. ஒரு முனையைக் கழற்றிவிட்டுப் படியுங்கள், அல்லது ஓடும் தண்டவாளத்திலேயே எழுதுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்று பொதுவாக 2.7 வோல்ட்தான் தாங்கும். ஐந்தைத் தொடராக இணைத்தால் 13.5, ஆறு என்றால் 16.2. உங்கள் தண்டவாளத்தில் எத்தனை வோல்ட் என்று தெரியாமல் குட்டியாக இருக்கிறதே என்று ஐந்து வைத்த தொகுதியை வாங்காதீர்கள். இன்னொன்று, எட்டுச் சக்கரம் அழுக்காக இருக்கும் எஞ்சினுக்கு இதை மாட்டினால் நோய் மறைந்திருக்கும், தீராது.

இணையக் கடையில் புது எஞ்சின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பின்பக்கச் சக்கரத் தொகுதி கரண்டே எடுப்பதில்லை. ஓட ஓடச் சரியாகும், இரண்டு மாதம் பாருங்கள் என்கிறார்கள்.
- குரோய்டன் வாசகர், இங்கிலாந்து

இரண்டு மாதம் எதற்கு என்று யோசித்தீர்களா? உங்கள் நாட்டின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்க 30 நாள் உண்டு. அது போன பின் பழுது நீக்கவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு வாய்ப்பு தந்துதான் பணம் கேட்க முடியும். இன்றைக்கே மின்னஞ்சலில் 'இந்தப் பொருளை நிராகரிக்கிறேன்' என்று அப்பட்டமாக எழுதுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம். முன் சக்கரத் தொகுதியைக் காகிதத்தின் மேல் ஏற்றி, பின்தொகுதியை மட்டும் தண்டவாளத்தில் வைத்தால் எஞ்சின் அசையாது. அதைக் கைபேசியில் எடுத்து இணையுங்கள். கூட்டைக் கழற்றாதீர்கள், சோல்டர் இரும்பைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். விலை 100 பவுண்டுக்கு மேலாகி கிரெடிட் கார்டில் நேராகக் கடைக்குக் கொடுத்திருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் வங்கியும் பொறுப்பு. கடைக்கு அனுப்பும் கடிதத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள், பதில் சீக்கிரம் வரும்.

இதே எஞ்சினைத் தனி ஆளிடம் வாங்கியிருந்தால் விளம்பரத்தில் சொன்னதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் கேட்கலாம். அதனால்தான் வாங்குமுன் 'எல்லாச் சக்கரமும் கரண்ட் எடுக்கிறதா?' என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

பெயரில்லாத டிகோடர் பத்து, ஒரு பிராண்டட் டிகோடர் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- சென்னை வாசகர்

நான் வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள். மெதுவாக ஓட்டினால் எஞ்சின் திக்கித் திக்கி நடந்தது. மோட்டாரின் எதிர் மின்னழுத்தத்தை அளந்து வேகத்தைச் சரிசெய்யும் சங்கதியே அதில் இல்லை. தயாரித்தவர் யாரென்று சிவி 8ல் படித்தால் வந்த எண்ணுக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தமில்லை. அனுப்பியவர் கடையும் அதற்குள் காணாமல் போயிருந்தது.

சக்கரத்தை உப்புத்தாளால் தேய்க்கலாமா?
- திருச்சி வாசகர்

கூடாது. கீறலில்தான் அழுக்கு முதலில் குடியேறும். ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவைத் தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். ஒரு சக்கரத் தொகுதி அதன் மேலும் மற்றது வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி எஞ்சினைப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். காகிதத்தில் கருப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை இடம் மாற்றி ஓட்டிவிட்டு, எஞ்சினைத் திருப்பி மறுமுனைக்கும் செய்யுங்கள்.