பசை காய்ந்த பிறகு பவளம் செய்ய வேண்டிய வேலை

அன்புள்ள ஐயா,

வீட்டில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். வைத்து 14 மாதம் ஆகிறது. நண்பர் ஒருவர் தன் தொட்டியில் இருந்து அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தில் விரல் நீளத் துண்டு ஒன்றை உடைத்துக் கொடுத்தார். சூப்பர் குளூ வைத்துப் பாறை உச்சியில் ஒட்டினேன். காலையில் மணலில் கிடந்தது. மறுபடி ஒட்டினேன். நான்காம் நாள் டர்போ நத்தை தள்ளிவிட்டது. மூன்றாம் முறை, இரண்டு நிறமும் சேரப் பிசைந்தால் இறுகும் எபாக்ஸி புட்டிக் குச்சியில் கொஞ்சம் எடுத்து வைத்து அமுக்கினேன். அன்று இரவு, தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் பொங்கித் தரையெல்லாம் ஈரம். துண்டும் இரண்டு நாளில் புட்டியோடு பெயர்ந்து விழுந்தது. இப்போது ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது. எந்தப் பசைதான் உறுதியானது? எபாக்ஸி மீன்களுக்கு விஷமா? சோவாந்தஸ், காளான் பவளம் இரண்டையும் இதே முறையில் ஒட்டலாமா?

சு. ர., சிங்கப்பூர்

அன்புள்ள சு. ர.,

முதலில் அந்தத் துண்டை மணலில் இருந்து எடுத்து, ஓட்டமும் வெளிச்சமும் படுகிற இடத்தில் ஒரு தட்டியில் சாய்த்து வையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், ஒட்டுவது பிறகு. மணலில் புதைந்த பக்கத்தில் தசை அழுகி உதிர்ந்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளை, உள்ளே இருக்கும் எலும்புக்கூடு. அந்த வெள்ளை நாளுக்கு நாள் மேலே ஏறினால், நல்ல தசைக்குள் அரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, மிஞ்சியதை மட்டும் காப்பாற்றுங்கள். ஏறாமல் நின்றுவிட்டால் வெட்ட வேண்டாம். ஒட்டும்போது அந்த வெள்ளைப் பகுதியைப் பசைக்குள் மூழ்கடித்துவிட்டால் போதும், பாசி ஏறாது.

உங்கள் பசையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சூப்பர் குளூ என்பது சயனோஅக்ரிலேட். அதை இறுக வைப்பதே ஈரம்தான். தொட்டிக்குள் கொண்டுபோன சில விநாடிகளில், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல, பசையின் மேல் ஒரு தோல் படிந்துவிடும். நாம் துண்டை அப்படியே பாறைமேல் வைத்தால் பாறையைத் தொடுவது அந்தத் தோல் மட்டும்தான். உள்ளே இருக்கும் பசை பாறையைத் தொடுவதே இல்லை. இரவெல்லாம் நின்றதுபோல் நின்று, காலையில் தோலோடு கழன்று விழுகிறது. உங்களுக்கு முதல் முறை நடந்தது இதுவாகத்தான் இருக்கும். எனக்கும் ஆரம்பத்தில் ஆறேழு துண்டுகள் இப்படிப் போயின. விழுந்த ஒவ்வொன்றின் அடியிலும் பசை வழவழவென்று, பாறையின் ஒரு துகள்கூட ஒட்டாமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

அதனால் பசை ஜெல்லாக இருக்கட்டும். ஃபெவிக்விக் மாதிரி தண்ணீராக ஓடுவது இதற்கு ஆகாது. துண்டின் அடியை டிஷ்யூவால் ஒற்றி ஈரம் எடுங்கள். கடலைப் பருப்பு அளவு போதாது, சுண்டைக்காய் அளவு தாராளமாக வையுங்கள். பம்புகளை நிறுத்திவிட்டு, உள்ளே கொண்டுபோய் அமுக்கி, இடமும் வலமுமாக இரண்டு மூன்று முறை திருகுங்கள். படிந்த தோல் அப்போது கிழியும். உள்ளிருந்து புதுப் பசை பிதுங்கிப் பாறையின் துளைகளுக்குள் இறங்குவது விரலுக்கே தெரியும், வழுக்கிக்கொண்டிருந்த துண்டு சட்டென்று கனமாகும். அங்கே கையை அசைக்காமல் ஒரு நிமிடம் பிடியுங்கள். பம்பைப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இதற்கும் முன்னால் பாறையைத் தேய்க்க வேண்டும். 14 மாதத் தொட்டியில் பாறை மேலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பு படிந்திருக்கும். நாம் அதன்மேல் ஒட்டினால் அழுக்கின்மேல்தான் ஒட்டுகிறோம். பழைய டூத்பிரஷ் போதும். பாறை நிறம் மாறி, சொரசொரப்பு தெரியும்வரை தேயுங்கள்.

அப்புறம், நீங்கள் பாறையின் உச்சியைத் தேர்ந்தெடுத்ததுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மொட்டைப் பாறை உச்சியில் நிற்கும் துண்டுக்கு ஒரே ஒரு பிடிதான் உண்டு. நத்தை உரசினால் அது நெம்புகோல் மாதிரி ஆகிவிடும். பசை இல்லாமலே துண்டு சாய்ந்து நிற்கக்கூடிய ஒரு பள்ளம், ஒரு விரிசல் தேடுங்கள். மூன்று கல் அடுப்பு ஏன் ஆடுவதில்லையோ அதே கணக்குதான், துண்டு மூன்று இடத்தில் பாறையைத் தொட வேண்டும். புளோரிடா கடலில் மான்கொம்புப் பவளத்தை நடுகிறவர்கள்கூட, சுத்தியலால் பாறையைச் சுரண்டிவிட்டு மூன்று இடத்தில் எபாக்ஸி வைத்துத்தான் நிறுத்துகிறார்கள். அலை அடிக்கும் கடலிலேயே அது நிற்கிறது.

எபாக்ஸி தனியாக ஏன் நிற்கவில்லை என்றால், சுரண்டிச் சொரசொரப்பாக்காத ஈரப் பாறையில் அது நன்றாக ஒட்டாது. அதன் வேலை இடைவெளியை நிரப்புவது. துண்டின் அடியில் பசை, நடுவில் நெல்லிக்காய் அளவு புட்டி, புட்டியின் அடியில் மறுபடி பசை, இப்படி வைத்து அமுக்குங்கள். ஒட்டுவதைப் பசை செய்யும், பள்ளத்தின் வடிவத்துக்கு இறுகிப் பூட்டுவதைப் புட்டி செய்யும். பிசையும்போது இரண்டு நிறமும் கோடு தெரியாமல் ஒன்றாக வேண்டும். அரைகுறையாகப் பிசைந்தது இறுகவே இறுகாது.

மீன் தொட்டிக்கென்றே விற்கும் எபாக்ஸி சிறிய அளவில் மீன்களைக் கொல்லாது. இறுகும்வரை அதிலிருந்து சில பொருள்கள் தண்ணீரில் கசியும். ஸ்கிம்மர் பொங்குவது அதனால்தான். ஒரு நாள் ஸ்கிம்மரை நிறுத்திவைத்து, காற்றுக் குமிழி விடும் பம்பைப் போடுங்கள். ஒரே நாளில் முழுக் குச்சியையும் தீர்த்துவிடாதீர்கள்.

எந்தப் பசை உறுதியானது என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பசையும் அந்தத் துண்டைக் காலமெல்லாம் தாங்கப் போவதில்லை. கை ஒடிந்தால் போடும் மாவுக்கட்டு மாதிரிதான் பசை. எலும்பு கூடும்வரை அசையாமல் வைத்திருந்தால் போதும், கூடுவது எலும்பின் வேலை. அக்ரோபோராவின் தசை அடியில் வழிந்து, பசையின் மேலேயே ஏறி, பாறைமேல் பரவும். பரவிய இடமெல்லாம் சுண்ணாம்பை, அதாவது கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கும். சில வாரத்தில் உருகி வழிந்த மெழுகுவர்த்தியின் அடி மாதிரி ஒரு பாதம் தெரியும். அந்தப் பாதம் வந்துவிட்டால் பசை பொடிந்து போனாலும் துண்டு அசையாது.

துண்டு மூன்று முறை விழுந்ததில் இந்த வேலைதான் மூன்று முறையும் கெட்டது. அதனால் இடத்தை இப்போதே முடிவு செய்யுங்கள், ஒட்டிய பிறகு நகர்த்தாதீர்கள். தண்ணீரில் அல்கலினிட்டி, அதாவது கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு, 8, 9 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) பக்கம், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் வரை ஏறி இறங்காமல் இருக்கட்டும். இவை குறைந்தால் சுண்ணாம்பு படியவைக்கப் பவளத்துக்குச் சரக்கு இருக்காது. சின்னத் துண்டுகூட இப்படிப் பரவும் என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் மோட் கடல் ஆய்வகத்தில் அப்போது இருந்த டேவிட் வான் என்ற ஆய்வாளர், எல்க்ஹார்ன் பவளம் ஒன்றை எடுக்கும்போது தவறி உடைந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்ட சில பாலிப்களை, அதாவது பவளத்தின் சின்னஞ்சிறு உயிர்களை, செத்துவிட்டதாக நினைத்து விட்டுவிட்டார். சில வாரம் கழித்துப் பார்த்தால் அவை பெருகியிருந்தன. நகத்தளவு துண்டுகளாக வெட்டித் தட்டுகளில் ஒட்டி வளர்க்கும் முறை அதிலிருந்துதான் வந்தது. ஒரே பவளத்தின் துண்டுகளை அருகருகே ஒட்டினால் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. செத்த பெரிய பவளப் பாறைகளுக்கு இப்படித்தான் புதுத் தோல் போர்த்துகிறார்கள்.

காளான் பவளத்தைப் பசையால் ஒட்டாதீர்கள், அதன் வழவழப்பில் எதுவும் நிற்காது. சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உடைந்த பாறைச் சில்லுகளைப் போட்டு, காளானை அதில் விட்டு, மேலே வலை கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒரு சில்லை அதுவே பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தச் சில்லை ஒட்டினால் போதும். சோவாந்தஸ் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். அந்தக் குடும்பத்தில் சில பவளங்களில் பாலிடாக்சின் இருக்கிறது, அது கொடிய நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள், தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். அது ஏறிய பாறையை வெந்நீரில் வேகவைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் கல்பவளம் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த துண்டையும் கடற்கரையில் இருந்து எடுத்து வரக் கூடாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. இன்று அங்கே தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் துண்டுகளைக் கான்கிரீட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். எல்லோருக்கும் தெரியவேண்டிய வேலை அது.

ஒட்டும் நாளன்று அந்த டர்போ நத்தையை எடுத்து இரண்டு இரவு சம்பில், அதாவது தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில், விட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்து, விளக்கு அணைந்த பிறகு டார்ச் அடித்துத் துண்டின் அடியைப் பாருங்கள். பசையின் மேல் மெல்லிய விளிம்பு ஒன்று ஏறியிருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.