கோடையில் வாங்கிய பெல் கிராண்ட் கணக்கில் வருமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. மகன் பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத கல்லூரி உதவித்தொகை) வாங்கிப் படிக்கிறான். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம். பிறகு பிரிவு மாறி, கோடையும் சேர்த்து இன்னொரு வருடம். இப்போது பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் முடிந்து 45 கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகு) பாக்கி. அவன் கணக்கில் 450 சதவீதம் தீர்ந்ததாகக் காட்டுகிறது. கோடை கணக்கில் வராது என்கிறார்களே? விண்ணப்பித்தால் கூட்டித் தருவார்களா? - ஒரு வாசகி

பதில்: கோடையும் கணக்குதான் சகோதரி. கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், யார் கிளப்பிவிட்டார்களோ! முழுநேரப் படிப்பு ஒரு வருடத்துக்கு 100 சதவீதம், கோடையும் சேர்ந்தால் 150. உங்கள் மகனுக்கு 100, 100, 150, 100. கூட்டிப் பாருங்கள், 450 சரியாக வருகிறது.

வாழ்நாள் வரம்பு 600, அதாவது 12 செமஸ்டர். முன்பு 18 இருந்தது. 2012 ஜூலை 1 முதல் குறைத்தார்கள், பாதிப் படிப்பில் இருந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கோடையில் பதிமூன்றாவது செமஸ்டருக்கு வந்த ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, “இதை யாரிடம் சொல்லி மாற்றுவது?” என்று கேட்டார். யாரிடமும் முடியாது. உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு என்று எதைச் சொன்னாலும் 600 நகராது. படித்த கல்லூரியையே மூடிவிட்டால் அங்கே செலவான சதவீதம் திரும்பக் கிடைக்கும். இப்படிச் சில விலக்குகள்தான் உண்டு.

சரி, மிச்சம் 150. மூன்று முழு செமஸ்டர். முழுநேரம் என்றால் 12 கிரெடிட் போதும் என்று பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். 12 எடுத்தாலும் 15 எடுத்தாலும் கிராண்ட் ஒன்றுதான், கரையும் சதவீதமும் ஒன்றுதான். 15 எடுத்தால் மூன்றே செமஸ்டரில் 45 முடியும். 12 என்றால் நான்காவது செமஸ்டர் உங்கள் கைக்காசு. 2025-26க்கு முழு பெல் 7,395 டாலர், அதில் பாதி ஒரு செமஸ்டருக்கு. நல்ல தொகைதானே?

வேலைக்குப் போகிறேன் என்று ஆறு கிரெடிட்டாகக் குறைத்தால் பாதிப் பணம் வரும், சதவீதமும் பாதிதான் போகும். அதில் நஷ்டமில்லை, படிப்புதான் நீளும். ஆனால் பணம் வரவான பிறகு பாதியில் ஒரு பாடத்தை விட்டால் போன சதவீதம் திரும்பாது.

அப்புறம், இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. உதவித்தொகை தொடர வேண்டுமென்றால், 120 கிரெடிட் பட்டத்தை, பதிவு செய்த கிரெடிட் மொத்தம் 180ஐத் தாண்டாமல் முடித்தாக வேண்டும். ஃபெயிலானதும் பாதியில் விட்டதும், பழைய கல்லூரியிலிருந்து இந்தப் பட்டத்துக்கு ஏற்றுக்கொண்டதும் அதில் சேரும். இதற்கு மட்டும் காரணம் காட்டி மேல்முறையீடு செய்யலாம். பிரிவு மாறியவன் என்பதால் அந்த எண்ணிக்கையை இந்த வாரமே கல்லூரியில் கேட்கச் சொல்லுங்கள். கடைசி வருடப் பாடங்களில் எது எந்தப் பருவத்தில் மட்டும் நடக்கும் என்று ஆலோசகரிடமும் கேட்கட்டும். 15 கிரெடிட் திட்டம் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.