சின்ன இசைக்குழுவின் பாட்டு பிடித்துவிட்டது, அதேபோல் இன்னொன்று எங்கே கிடைக்கும்?

கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அந்தக் குழுவின் ஆல்பம் பக்கத்தைத் திறந்து, வரிசையாகத் தெரியும் குட்டிப் படங்களைப் பாருங்கள். அந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். ஒருவரைத் தட்டினால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்களும் வரும். ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தவரை விட்டுவிடுங்கள், அவருக்கு எல்லாமே பிடிக்கும். நாற்பது, ஐம்பது வைத்திருப்பவரைப் பிடியுங்கள். உங்கள் ரசனையோடு ஒத்துப்போகும் ஒரே ஒருவர் கிடைத்தால்கூட ஒரு மாதத்துக்குக் கேட்கப் பாட்டு இருக்கும்.

ஸ்பாட்டிஃபையில் அந்தப் பாட்டை வைத்து ரேடியோ, அதாவது அதேபோன்ற பாட்டுகளைத் தானாக ஓட்டும் வசதி, போட்டால் நாலாவது பாட்டிலேயே பெரிய பெயர்களுக்குத் தாவிவிடலாம். செயலி கெட்டுப்போகவில்லை. 'இதைக் கேட்டவர்கள் வேறு என்ன கேட்டார்கள்' என்ற கணக்குக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கேட்டவர்களே சொற்பம் என்றால், அவர்களுக்குள் பொதுவாக மிஞ்சுவது ஊரறிந்த பாட்டுகள்தான்.

சந்தேகமிருந்தால் ஸ்பாட்டிஃபையில் அந்தக் குழுவின் பக்கத்தில், ரசிகர்கள் விரும்பும் மற்ற கலைஞர்களைக் காட்டும் பகுதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தரவு போதவில்லை என்றுதான் அர்த்தம். தூங்கப்போடும் மழைச்சத்தப் பட்டியல் ஏதாவது இருந்தால், அதையும் ரசனைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். அதற்கு அமைப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை: பேண்ட்கேம்பின் வகைக் குறிச்சொற்களைக் கலைஞர்களே போடுகிறார்கள். 'ஃபோக்' என்று நம்பிப் போய் முக்கால் மணி நேர இரைச்சலில் மாட்டியிருக்கிறேன். அதோடு, ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஒரே பெயருள்ள இரண்டு குழுக்களின் பாட்டுகள் ஒரே பக்கத்தில் கலந்துகிடப்பதும் உண்டு. திடீரென்று குரல் மாறினால் அதை முதலில் பாருங்கள்.