மின்கம்பி எட்டாத வீட்டுக்குச் சூரிய மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தோட்டத்து வீட்டுக்கு மின் இணைப்பு கிடையாது. "ஒரு கிலோவாட் செட் போட்டால் எல்லாம் ஓடும்" என்று கடையில் சொல்கிறார்கள். போதுமா?

பதில்: அந்த ஒரு கிலோவாட் என்பது பேனலின் அளவா, இன்வெர்ட்டரின் அளவா என்று முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும், பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் தங்கும் என்பதை அந்தச் சொல் உங்களுக்குத் தெரிவிக்காது. மின்வாரியத்தின் இணைப்பு இல்லாத வீட்டில் இரவைத் தாங்குவது பேட்டரிதான் என்பதால், கணக்கையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு 5 மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் இரண்டு 10 மணி நேரம் சுழன்றால் 600. 60 வாட் டி.வி. 4 மணி நேரத்துக்கு 240. கைபேசிகளுக்கு ஒரு 50 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1,070 வாட்-மணி ஆகிறது. இன்வெர்ட்டரிலும் கம்பியிலும் வீணாவதைச் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் யூனிட் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி). 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிகள் இரண்டில் 3.6 யூனிட் தங்கும் என்றாலும், இத்தகைய ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறைந்துவிடும். ஆகவே உங்கள் கைக்கு வருவது 1.8 யூனிட், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை நாள் தேவை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியாக இருந்தால் கொள்ளளவில் எண்பது விழுக்காடு வரை தயங்காமல் எடுக்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் ஆயுளோடு சேர்த்துக் கணக்கிட்டால் அந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடும்.

பேனல் கடைசியில்தான் வருகிறது. வெயில் தெளிந்த நாளில் 540 வாட் பேனல் ஒன்றிலிருந்து இரண்டு யூனிட் அளவுக்கு எதிர்பார்க்கலாம். பேனலில் அச்சிட்ட வாட் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. சித்திரை வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும்போது பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் வரவு மூன்றில் ஒரு பங்காகக்கூட இறங்கலாம் என்பதால், அந்த இரண்டு மாதங்களை மனத்தில் வைத்து இன்னொரு பேனல் சேர்ப்பதில் தவறில்லை. உங்கள் வீட்டில் இருப்பவை பழைய 75 வாட் மின்விசிறிகள் என்றால், பேட்டரியைக் கூட்டுவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு.

கேள்வி: 12 வோல்ட் பேட்டரியும் பழைய பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரும் இருந்தன. புதிதாக 540 வாட் பேனல் வாங்கி மாட்டினேன். உச்சி வெயிலிலும் 170 வாட்டுக்கு மேல் வரவில்லை. பேனல் போலியா?

பதில்: பேனல் சரியாகவே வேலை செய்கிறது, பொருந்தாதது கன்ட்ரோலர், அதாவது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. அந்தப் பேனல் ஏறத்தாழ 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரும்போதுதான் 540 வாட் ஆகும். பி.டபிள்யூ.எம். வகை, பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடுவதால், 13 வோல்ட்டில் அதே 13 ஆம்பியர்தான் உள்ளே போகிறது. பெருக்கிப் பாருங்கள், நீங்கள் சொன்ன எண் வந்துவிடும். எம்.பி.பி.டி. என்ற இன்னொரு வகைக் கன்ட்ரோலரோ மிகுந்த வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. சுமை இல்லாதபோது அந்தப் பேனலில் 49 வோல்ட் வரை இருக்கும். சிறிய கன்ட்ரோலர்கள் பல அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உங்களுடையதன் உச்ச வரம்பை இன்றே பார்த்துவிடுங்கள். குளிர்ந்த காலையில் வோல்ட் இன்னும் ஏறும் என்பதால், கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்கள் வரம்புக்குக் கீழே நல்ல இடைவெளி விட வேண்டும்.

கேள்வி: காரிலிருந்து கழற்றிய பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வைத்துத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். அது எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள் பெரிய மின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. இரவு முழுதும் இறங்கி ஏறினால் சில மாதங்களில் போய்விடும். புதிதாக வாங்கும்போது சி10 (10 மணி நேரத்தில் இறக்கி அளந்தது) என்று குறித்த சோலார் பேட்டரியையே கேளுங்கள். சி20 குறியுள்ள இன்வெர்ட்டர் பேட்டரியின் 150 ஆம்பியர்-மணி, 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கி அளந்த எண்; வேகமாக இறக்கினால் அவ்வளவு கிடைக்காது.

கேள்வி: வயரிங்கை நானே செய்யலாமா?

பதில்: பேனலிலிருந்து பேட்டரி வரையிலான டி.சி. (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) பகுதியைக் கவனமுள்ள ஒருவர் செய்துவிடலாம். இன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் 230 வோல்ட் பகுதியையும் எர்த்தையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே என் பிடிவாதமான கருத்து.

வரிசை முக்கியம். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலருடன் இணைத்து, பிறகே பேனலை இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனல் முதலில். பேட்டரியின் வோல்ட் குறைவு என்று அலட்சியம் வேண்டாம்: இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் அது சிவக்கச் சூடேறும் அளவுக்கு மின்னோட்டம் பாயும், ஆகையால் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட்டில் ஆயிரம் வாட் எடுத்தால் 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, இரண்டு மீட்டருக்குள், பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ்.

வீட்டுக்கு வாங்கிய சாதாரண எம்.சி.பி.யை (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சை) இந்த டி.சி. பகுதியில் போடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு மீள்வதால் சுவிட்ச் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணையும், டி.சி.யில் அந்த இடைவெளி இல்லாததால் பொறி நீண்டு எரிந்து எம்.சி.பி.யையே உருக்கிவிடும். டி.சி. என்று குறித்ததை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: மே மாதம் நன்றாக ஓடியது. டிசம்பரில் பாதிகூட வரவில்லை. மழையும் இல்லை. ஏன்?

பதில்: தெற்கே தென்னை நிற்கிறதா என்று பாருங்கள். மே மாதத்தில் நம் பகுதியில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். என் வீட்டு மாடியிலும் கோடையில் இடம் பார்த்துப் பேனலை வைத்துவிட்டு, பக்கத்துத் தோப்பின் நிழல் டிசம்பரில் வந்து விழுந்ததும் சட்டத்தைப் பெயர்த்து நகர்த்தினேன். ஒரே ஒரு மட்டையின் நிழலும் பேனலின் மூன்றில் ஒரு பகுதியை முடக்கப் போதும்.

கேள்வி: அரை எச்.பி. மோட்டாரையும் இதிலேயே ஓட்டலாமா?

பதில்: ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கிளம்பும் நொடியில் மோட்டார் கேட்கும் என்பதால், ஒரு கிலோவாட் இன்வெர்ட்டர் அங்கேயே நின்றுபோகும். வீட்டையும் தண்ணீரையும் பிரித்துவிடுங்கள். சோலார் பம்ப் பகலில் பேட்டரி இல்லாமலே ஓடித் தொட்டியை நிரப்பட்டும். தண்ணீரைச் சேமிக்கப் பேட்டரியைவிடத் தொட்டி மலிவு. விவசாயப் பம்புக்கு மானியம் தர 2019இல் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் தொடங்கப்பட்டது.

கேள்வி: வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்கிறார்களே, எனக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 2024இல் அறிவிக்கப்பட்ட பி.எம். சூர்ய கர் திட்டம், மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் கூரை அமைப்புகளுக்கானது. அந்தத் தொகைகூட, மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ போடுவோருக்குரிய உச்சவரம்பு. அவ்வகை அமைப்பில் பேட்டரி இல்லையென்றால் மின்வெட்டு வரும்போது வெயில் காய்ந்தாலும் அது நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர்மீது மின்சாரம் பாயாதிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள்.